கேப்டன் போட்ட கையெழுத்து

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஒரே சத்தம். மாடியில் குடியிருப்பவர் கேப்டன் அருள்ராஜ். கோவையிலிருந்து விமானம் விடும் ஒரு சின்னத் தனியார் கம்பெனியில் பைலட். அங்கே பைலட்டுகள் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். கருமத்தம்பட்டிக்காரர், அதிர்ந்து பேச மாட்டார். அவர் வீட்டிலா சத்தம்?

சங்கக் கூட்டத்துக்கு மடக்கு நாற்காலிகள் கொடுக்கப் போனவன், அதில் ஒன்றை விரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பத்தி எழுதுகிறவனுக்கு வெட்கம் ஏது?

விஷயம் இதுதான். கம்பெனி திவாலாகும் நிலைமை. விமானங்களோ வாடகைக்கு எடுத்தவை. வாடகை நின்றுபோகவே, சொந்தக்காரர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். நிர்வாகம் சங்கத்தைக் கூப்பிட்டுச் சொன்னது — எல்லோரும் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், புதிதாகச் சேர்ந்தவர்களை அனுப்பிவிடுகிறோம், மிச்சமிருப்பவர்கள் ஓய்வைக் குறைத்துக்கொண்டு கூடுதலாகப் பறக்க வேண்டும்...

அருள்ராஜ் முதல் விஷயத்துக்கு மட்டும் தலையாட்டிவிட்டு வந்திருந்தார்.

“யாரைக் கேட்டுங்க சார் ஒத்துக்கிட்டீங்க?” எழுந்து நின்று கேட்டவர் செந்தில். புதிய கோ-பைலட், பல்லடம் பக்கம்.

“உங்களையெல்லாம் கேக்கத்தான் கூப்பிட்டேன் கண்ணு. இன்னும் கையெழுத்துப் போடலை.”

“எங்கப்பா தோட்டத்தை வித்துப்போட்டு என்னை இந்தப் படிப்புக்கு அனுப்புனாருங்க. இன்னிக்குச் சம்பளத்தை விட்டா, நாளைக்கு வேறென்ன கேப்பாங்களோ? நீங்க அவிங்க ஆளாயிட்டீங்க சார்!”

காபித் தட்டோடு வந்த அருள்ராஜின் மனைவி ஸ்டெல்லா, சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

“நாளைக்கு என்ன கேப்பாங்கன்னு எனக்கும் தெரியாது கண்ணு,” என்ற அருள்ராஜ், எல்லோரையும் பார்த்தார். “சம்பளம் குறைஞ்சா ஊட்டுல சிக்கனமா இருந்துக்கலாமுங்க. தூக்கம் குறைஞ்சா? பின்னால உக்காந்திருக்கறவங்க நம்மளை நம்பித்தான ஏர்றாங்க? அதை விட்டுத்தர மாட்டேன்னுட்டேன். யாரையும் அனுப்பக் கூடாதுன்னுட்டேன். இதுக்கு மேல எனக்குச் சாமர்த்தியம் இல்லீங்க.”

கை தூக்கச் சொன்னார். பெரும்பாலான கைகள் உயர்ந்தன — மெதுவாக, வேண்டா வெறுப்பாக. செந்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காபியைத் தொடாமலே படியிறங்கிப் போனார்.

மறுநாள் கேப்டன் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை எனக்குச் சென்னையில் ஒரு கல்யாணம். அதே கம்பெனி விமானம். கிளம்பும்போது ஸ்டெல்லா வேகமாக இறங்கி வந்தார்.

“ஏனுங்கண்ணா, இன்னிக்கு இவரும் அந்தத் தம்பியும்தான் ஓட்டறாங்க. ரெண்டு பேருக்கும் அன்னைக்கிருந்து பேச்சே இல்லீங்க. பேசாம எப்படிங்க ஓட்டுவாங்க?”

நன்றாக இருக்கிறது! இதை நான் டிக்கெட் வாங்கும் முன்பு சொல்லக் கூடாதா?

பீளமேடு விமான நிலையத்தில் ஏறியதிலிருந்து, மூடிய காக்பிட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். விமானம் லேசாக ஆடினாலும் ‘உள்ளே ஆரம்பித்துவிட்டார்களோ’ என்று காதைத் தீட்டிக்கொண்டேன். ஏர்-ஹோஸ்டஸ் கொடுத்த மிட்டாய் கையிலேயே பிசுபிசுத்தது. சென்னையில் விமானம் அலுங்காமல் இறங்கிய பிறகுதான் அதை வாயில் போட்டேன்.

எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தேன். இருவரும் வெளியே வந்தார்கள்.

“பேசிக்கிட்டீங்களா?” கேட்டேவிட்டேன்.

அருள்ராஜ் சிரித்தார். செந்தில்தான் பதில் சொன்னார்: “மேல வேலைக்கு வேண்டியதெல்லாம் பேசுனோமுங்க. அதுல சண்டையை வெச்சுக்க மாட்டோமுங்க. கையெழுத்துப் போட்டதுல எனக்கு இன்னமும் கோவந்தானுங்க. ஆனா நேத்து நல்லாத் தூங்கிட்டு வந்தேன். அதுக்கு மட்டும் சாருக்கு நன்றி சொல்லோணுமுங்க.”

கேப்டன் அந்தப் பையனின் தோளில் கை வைத்தார். செந்தில் அதைத் தட்டிவிடவில்லை.

வாங்கித் தரும் தலைவருக்கு மாலை போடுகிறோம். கொடுத்தே தீர வேண்டிய நேரத்தில் எதைக் கொடுப்பது, எதைப் பிடித்துவைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கிறவருக்கு? ‘அவிங்க ஆள்’ என்ற பெயர்தான். எது கஷ்டம், சொல்லுங்கள்!

வெளியே வந்து, கோவை திரும்ப அதே கம்பெனியில் டிக்கெட் கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் சற்றுத் தயங்கி, “இப்போதைக்கு விமானம் இருக்கு சார்...” என்றார்.

வாங்கிக்கொண்டேன். கூடவே ரயிலிலும் ஒரு பர்த் போட்டு வைத்தேன் — கேப்டன் மன்னிக்கணும்!