இரவல் பிள்ளை

எங்கள் குடியிருப்பின் முதல் மாடியில் தையல் அக்கா இருந்தாள். கணவன் விட்டுப் போன பிறகு பள்ளிச் சீருடை தைத்தே மகளை ஏழு வயதுவரை ஆளாக்கியவள். வாயில் குண்டூசியைக் கடித்திருக்கும்போதும் பேச்சு நிற்காது. மகளுக்கு நாங்கள் வைத்த பெயர் வாலு.

தொண்டை அடைப்பான் பரவிய வருடம், சுகாதாரப் பெண்கள் வீடு வீடாக வந்து பிள்ளைகளின் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பார்த்ததை அந்தந்தப் பிள்ளையின் அட்டையில் எழுதினார்கள். "ஆரம்பத்துலயே சொன்னீங்கன்னா ஊசி போட்டுக் காப்பாத்திரலாம்" என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். மூன்றாம் மாடிக்காரர் நம்பிச் சொன்னார். பிள்ளை பிழைத்தது. ஆனால் கதவில் சிவப்புச் சீட்டு ஒட்டியதும் பால்காரர் படியேறவில்லை, வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார், குழாயடியில் அவர்கள் வாளியை எட்டி உதைத்தோம். ஆமாம், நானும்தான் உதைத்தேன்.

அதன் பிறகு யார் உண்மை சொல்வார்கள்? எங்கள் கெட்ட மூளைக்கு ஒரு வழி தோன்றியது. மாடிக்கு ஒரு பெண்ணாக வருவார்கள், அவர்களும் வாரா வாரம் மாறுவார்கள். அட்டையில் பெயரும் வயதும் உண்டு, முகம் கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட வீட்டார் வாலுவை இரவல் கேட்பார்கள். அவள் வந்து அந்தப் பிள்ளையின் பெயரில் வாயை அகலத் திறந்து "ஆ" காட்டிவிட்டு ஓடுவாள்.

"புள்ளைங்க விஷயம், கூட்டிட்டுப் போங்க" என்பாள் அக்கா.

நானும் கூட்டிப் போனேன். உள்ளறையில் சுருண்டு கிடந்த என் மகளின் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவள் டம்ளரிலேயே வாலு தண்ணீர் குடித்தாள். நான் தடுக்கவில்லை. என் மகள் எப்படியோ தேறிவிட்டாள்.

ஐந்தாம் நாள் அக்கா என் வாசலில் நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"உங்க பொண்ணக் கொஞ்சம் அனுப்புங்க. வாலுவால எச்சிகூட முழுங்க முடியல. கீழ செக் பண்ண வந்துட்டாங்க."

"சொல்லிட்டு ஊசி போட்டுரலாமே அக்கா."

"சீட்டு ஒட்டிட்டா நான் தைச்சத யாரு போடுவாங்க? உங்க பொண்ணுக்கு ஊசி இல்லாமலே சரியாகலையா?"

எந்த முகத்தோடு மறுப்பேன்? அனுப்பினேன். என் மகள் வாய் திறந்து காட்டினாள். வந்த பெண் வாலுவின் அட்டையில் "நலம்" என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

மூன்றாம் நாள் வாலுவுக்கு மூச்சு அடைத்தது. தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மருத்துவர் அவளை உள்ளே கொண்டுபோனார். வெகுநேரம் கழித்து வெளியே வந்து அட்டையைப் புரட்டினார்.

"மூணு நாள் முன்னாடி தொண்டை சுத்தமா இருந்திருக்கே. அதுக்குள்ள எப்படிம்மா இவ்வளவு முத்தும்?"

"அது என் புள்ள தொண்டை இல்ல சார்" என்றாள் அக்கா.

உள்ளே வாலுவின் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்கள்.