டைமிங் செயின் மட்டும் போதும் என்று எழுதினேன்

பழைய லாரிக்குப் புதுப் பல்சக்கரங்கள் வேண்டாம் என்று நான் எழுதியது செலவைப் பார்த்தா, வீட்டுக்குப் போகும் அவசரத்திலா? இன்னும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தூத்துக்குடியிலிருந்து முத்தையாபுரம் போகும் சாலையில் ஒரு லாரி ஆபீசில் நான் கிளார்க். உப்பு ஏற்றும் ஐந்து லாரிகள். அவற்றில் ஒன்று மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் வண்டி. மகள் பிறந்த ஐந்தாம் மாதம் வேலைக்குத் திரும்பினேன். அவளைப் பக்கத்து வீட்டில் விட்டு வருவேன். மத்தியானம் பன்னிரண்டுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவேன். என் கணவருக்கு அப்போது நிலையான வேலை இல்லை.

முதலாளி மெட்ராஸ் போயிருந்த வாரம், ரிப்பேர் சீட்டுகளில் கையெழுத்துப் போடும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார். என்ஜின் முன்பக்கம் கடகடவென்று சத்தம் வருகிறது என்று டிரைவர் சவரிமுத்து அண்ணன் பழைய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். மெக்கானிக் சுடலை பிரித்தார்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய பழைய சாமான் மேஜைக்கு வராமல் புதுசுக்குக் கையெழுத்து கிடையாது. என்ஜினின் உள்ளோட்டத்தைத் தாளம் தப்பாமல் வைக்கும் டைமிங் செயினையும் அது ஓடும் இரண்டு பல்சக்கரங்களையும் சுடலை கொண்டுவந்து வைத்தார். மேஜை அழுக்காகக் கூடாது என்று பெட்ரோலில் கழுவியிருந்தார். செயினைப் படுக்கையாகப் பிடித்துக் காட்டினார்.

“புதுசுன்னா கம்பு மாதிரி நிக்கும்மா. இது பூமாலையால்லா தொங்குது. செயின் எம்பத்தஞ்சு ரூவா, இங்கனயே கெடைக்கும். பல்சக்கரம் ரெண்டும் சேத்து இருநூத்திப் பத்து. மதுரையிலேருந்து வரணும், நாலு நாள் ஆவும்.”

என் மாதச் சம்பளமே நூற்றெழுபதுதான். நாலு நாள் வண்டி நின்றால் முதலாளிக்கு என்ன சொல்வது? பல்சக்கரங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெள்ளிபோல் பளபளத்தன.

“இது நல்லாத்தானே இருக்கு?”

“பாக்க நல்லாத்தான் இருக்கும்…” என்று சுடலை இழுத்தார்.

“தங்கச்சி, ஓட்டுதவன் சொல்லுதேன். எல்லாத்தையும் மாத்திரு” என்றார் சவரிமுத்து அண்ணன்.

சுடலை சிரித்தார். “ஏலே சவரி, விட்டா புது லாரியே எழுதச் சொல்லுவ போல.”

மணி பன்னிரண்டே காலைத் தாண்டியிருந்தது. பால் கட்டி மார்பு கனத்தது. ‘செயின் மட்டும் போதும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பழைய பல்சக்கரங்களிலேயே புதுச் செயினைப் போட்டு வண்டி கிளம்பியது.

மூன்று வாரம் ஓடியது. உப்பு ஏற்றிக்கொண்டு போகையில், கயத்தாறுக்கு நாலு மைல் இருக்கும்போது செயின் பல்சக்கரத்தில் பல் தாவி என்ஜின் நின்றுவிட்டது. எதிர்பாராத மழை வேறு. இரண்டு நாள் சாலையோரம் நின்றதில் பாதி உப்பு கரைந்துபோனது.

முதலாளி சவரிமுத்து அண்ணன்மேல் பாய்ந்தார். “தார்ப்பாயக் கட்டத் தெரியாதவனுக்கு என்னலே டிரைவர் உத்தியோகம்? சாவிய வச்சிட்டு நட.”

மூன்று பிள்ளைகளின் தகப்பன் அவர். என் பெயரைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

இந்த வேலையும் போனால் வீட்டு வாடகைக்கு என்ன செய்வேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது ஃபைலிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து முதலாளிமுன் வைத்தேன். “அண்ணாச்சி, பல்சக்கரம் வேண்டாம்னு எழுதினது நான்.”

முதலாளி சுடலையைக் கூப்பிட்டார். வண்டியிலிருந்து கழற்றிய பழைய பல்சக்கரத்தையும் மதுரையிலிருந்து வந்திருந்த புதியதையும் சுடலை பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புதியதன் பற்கள் தடித்து நேராக நின்றன. பழையவை மெலிந்து ஒரு பக்கமாகக் கொக்கிபோல் சாய்ந்திருந்தன.

“தேய்ஞ்சு தேய்ஞ்சு வந்த மினுமினுப்பும்மா அது.”

“அப்பவே சொல்லதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா?” என்றார் முதலாளி.

“படிச்ச புள்ள, பாத்துத்தான் எழுதுதுன்னு நெனச்சேன் அண்ணாச்சி.”

முதலாளி அந்தச் சீட்டை ஃபைலிலேயே திருப்பி வைத்தார். பிறகு, “ஏலே சவரி, சாவிய எடு” என்றார். என்னிடம், “கண்ணால பாத்தாப் போதாதும்மா. வெரல வச்சுத் தடவிப் பாரு” என்றார். அவ்வளவுதான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது: தேய்ந்த சாமானைத் தனியாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், புதியதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வண்டியில் உட்காரப் போகிறவர் சொல்வதை இன்னொரு முறை கேளுங்கள்.

சவரிமுத்து அண்ணன் இனி என்னை நம்பமாட்டார் என்றிருந்தேன். போன திங்கட்கிழமை வந்து நின்றார்.

“தங்கச்சி, பிரேக் லைனிங் இன்னும் ஓடும்னு சுடலை சொல்லுதான். நீ பாத்துச் சரின்னு எழுது. எடுத்துட்டுப் போறேன்.”

“எனக்கு என்னண்ணே தெரியும்?”

“தப்புன்னா தப்புன்னு ஒத்துக்கிடுதியே. அது போதும்.”

பயத்தில் புது லைனிங்குக்கே எழுதிவிட்டேன். தெரிந்து எழுதியதில்லை. அடுத்த ரிப்பேருக்கும் என்னிடம்தான் வருவார். லைனிங்கைப் பிடித்திருக்கும் ரிவெட் தலைக்கு மேல் எவ்வளவு கனம் மிச்சம் இருந்தால் உப்பு லோடோடு இறக்கத்தில் வண்டி நிற்கும்? அதை எங்கே வைத்து அளக்க வேண்டும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.