கரையேறாத மீனுக்கு ஒரு பேர்

குளச்சல் கன்னியர் மடத்தில் அடுப்படி வேலைக்குச் சேர்ந்தபோது, ஸ்பெயின் எந்தத் திசையில் இருக்கிறது என்று கிளாராவுக்குத் தெரியாது. அங்கிருந்து வந்த மடத்துத் தலைவி மதர் பிலார், மீன் இல்லாமல் சோற்றில் கை வைக்காத ஆள். தண்ணீரில் நீந்தும் மீனுக்குத் தங்கள் பாஷையில் ‘பெஸ்’ என்றும், பிடித்துக் கரையில் போட்ட மீனுக்குப் ‘பெஸ்காதோ’ என்றும் பேர் என்று மதர் ஒருநாள் சொன்னார். கிளாராவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வலை கரையேறுமுன் மீனைப் பற்றிப் பேசினாலே கண்பட்டுவிடும் என்று பயப்படுகிற கடற்கரையில் பிறந்தவள் அல்லவா அவள்.

1952இல் அவளுக்கும் அதே கரையில் வலை வீசும் சிலுவைதாசனுக்கும் கல்யாணம் நிச்சயமானது. அவன்தான் பிடிவாதமாக நின்றான். அவன் அம்மா வேளாங்கண்ணிக்கு அரை மனசுகூட இல்லை.

“வெள்ளக்காரியளுக்கக் கூட பழகுன பெண்ணு. நம்ம குடிசைக்க உள்ள குனிஞ்சு நுழையுமா?” என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பார்கள். தடை சொல்ல நினைப்பவர் எழுந்து சொல்லலாம். வேளாங்கண்ணி எழுந்துவிடுவாளோ என்று கிளாரா பயந்தாள்.

முதல் ஓலை வாசித்த அன்றைக்கே மீன் விற்கும் பெண்கள் அவளை வளைத்துக்கொண்டார்கள். “ஏட்டி, புதுப்பெண்ணே, சிரியேன்.”

“இன்னும் பெஸ்தான் அக்கா. தண்ணியிலதான் கெடக்கு, கரையேறட்டு,” என்றாள் கிளாரா.

அர்த்தம் தெரிந்ததும் அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் கடற்கரை முழுக்க அந்தப் பேச்சுதான். வராத பரீட்சை முடிவும் பெஸ், பிறக்காத பிள்ளையும் பெஸ். வேளாங்கண்ணி காதுக்கும் அது போனது. அது கிளாராவை இன்னும் பயமுறுத்தியது.

மூன்றாம் ஞாயிறு ஓலை வாசித்து முடித்ததும் வேளாங்கண்ணி எழுந்து நின்றாள். கோயிலே திரும்பிப் பார்த்தது. கிளாரா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன தடை?” என்றார் சாமியார்.

“தடை உண்டு சாமி. அடுத்த மாசம் கல்யாணமுன்னு வாசிச்சீரு. அம்புட்டு நாளு என்னத்துக்கு? இவ ‘கரையேறட்டு’ன்னு சொன்னதக் கேட்டேன். எனக்க வீட்டுக்காரரும் இப்பிடித்தான், மீனு கரையேறாம வாய தொறக்க மாட்டாரு. இந்தப் பிள்ளய வேற எவளாவது மருமொவளாக்கிட்டுப் போறதுக்கு முன்ன, வாற புதனே வச்சிரும்.”

பெண்கள் பக்கமிருந்து முதலில் சிரித்தது கிளாராதான். பூசை முடியும்வரை அவளால் அதை அடக்க முடியவில்லை.