இருமினால் இறங்கிப் போ

பதுலியின் கையில் களைக்கொத்து இருந்தால் ஆம்பளைகளே இரண்டடி தள்ளித்தான் நிற்பார்கள். போன வருஷம் மேய்ச்சல் மேட்டில், ஆற்றுக்கு அக்கரை ஊர்க்காரன் ஒருவனின் காதைக் கடித்துத் துப்பியவள். அதைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரித்தது. சண்டைக்கு அவள் வேண்டும். அவள் புருஷன் நர்பீர்தான் வேண்டாம்.

காரணம் இருமல். சமவெளியில் கல் கிரஷரில் கிடந்து நெஞ்செல்லாம் தூசியோடு மலையேறி வந்தவன் அவன். மேட்டில் யார்சா என்கிற மருந்துக் காளான் முளைக்கும் காலத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. சத்தம் கேட்டால், செத்த புழுவின் தலையில் முளைக்கும் அந்தப் பழுப்புக் காளான் மண்ணுக்குள் இறங்கிவிடுமாம். மூச்சுக்கு அதைவிட மருந்தில்லை என்று ஊர் உலகமெல்லாம் வாங்குகிறது. இருமுகிறவன் மட்டும் அதன் பக்கம் போகக் கூடாது. என்ன நியாயமோ!

பதுலிக்குக் கிடைத்ததெல்லாம் இதுவரை விற்று அரிசிக்கும் உப்புக்குமே போயிற்று.

"இந்தத் தடவையாச்சும் ஒன்னே ஒன்னு எனக்குக் கொண்டா புள்ள. பால்ல காய்ச்சிக் குடிச்சுப் பாக்குறேன்" என்றான் நர்பீர்.

"மொதல்ல கெடைக்கிறதே உனக்குத்தான்யா" என்று சொல்லிவிட்டு ஊர்ச்சனத்தோடு மேட்டுக்கு ஏறினாள்.

சொன்னபடியே கிடைத்தது. வயிற்றால் ஊர்ந்துகொண்டிருந்தவளின் மூக்குக்கு நேரே, பனி உருகிய புல்லுக்குள், விரல் நீளத்துக்கு நின்றது. கொத்தை ஓங்குவதற்குள் முதுகில் கல் விழுந்தது. அக்கரைக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

அப்படியொரு சண்டையை வேறெங்கும் பார்க்க முடியாது. மலைச் சட்டம் இரண்டு ஊருக்கும் ஒன்று. வெட்டுகிறவனும் கத்த மாட்டான், வெட்டுப்படுகிறவனும் கத்த மாட்டான். எலும்பு முறிகிற சத்தமும் மூச்சிரைப்பும்தான் கேட்டன. பதுலி ஒருத்தனின் தொடையில் கொத்தை இறக்கினாள். அவன் தன் சட்டைக் கையையே கடித்துக்கொண்டு சாய்ந்தான். இன்னொருத்தனின் முகத்தைப் பாறையில் மோதினாள், பல் தெறித்தது. மூன்றாமவன் அவளைத் தள்ளி விலாவில் மிதித்தான், மறுபடி மிதித்தான். உள்ளே ஏதோ முறிந்தது. அவன் காலைப் பிடித்து முறுக்கிச் சரிவில் உருட்டிவிட்டாள். மிச்சமிருந்தவர்கள் அடிபட்டவர்களை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

ஊர்த்தலைவன் ஜோக்பீர் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். அப்போதுதான் அவளுக்கு இருமல் வந்தது. வாயெல்லாம் ரத்தம். நிற்காமல் இருமினாள்.

ஜோக்பீர் ஓடிவந்து காதருகே கிசுகிசுத்தான். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. கீழ எறங்கிடுங்க. எல்லாம் மண்ணுக்குள்ள போயிரும்."

"அடி வாங்க நான் வேணும், இருமுனா ஆகாதாடா? என் புருஷனுக்கு ஒன்னு எடுத்துட்டுப் போறேன்" என்று அவளும் கிசுகிசுத்தாள்.

"வெளங்காத சீக்கு. இப்ப ஒங்களுக்கும் ஒட்டிக்கிச்சு. எறங்குங்க!"

ஆற்றைக் கடக்கும் வரைதான் அண்ணன் தம்பி. இரண்டு பேர் அவள் கையை முறுக்கினார்கள். ஜோக்பீர் வாயைப் பொத்தினான். பதுலிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவன் விரலை எலும்பு வரை கடித்தாள். கை விலகியதும், முறிந்த விலாவோடு, இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினாள்.

"டேய் ஜோக்பீரு! ஒங்கப்பன் வீட்டு மலையாடா இது?"

எதிர்ப்பாறையும் அதையே திருப்பிக் கேட்டது. காக்கைக் கூட்டம் எழும்பிப் பறந்தது. ஊர்ச்சனம் முழுக்கத் தரையில் விழுந்து புல்லை விலக்கிப் பார்த்தது.

யார்சா அங்கேயேதான் நின்றது, அவள் விட்டுவந்த இடத்தில், ரத்தம் தெளித்த புல் நடுவே. பதுலி முட்டிபோட்டு உடையாமல் தோண்டி எடுத்து, மடியில் முடிந்துகொண்டு இறங்கினாள்.

நர்பீர் அதைப் பாலில் காய்ச்சிக் குடித்தான். இருமல் குறையவில்லை. அவள் விலாவும் நேராகக் கூடவில்லை.

மறுவருஷம் மேடு திறந்தபோது, புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறி இருமிக்கொண்டே ஏறினார்கள். அவள் கையில் களைக்கொத்து இருந்தது. ஜோக்பீர் பாதையை விட்டு ஒதுங்கி நின்றான். யாரும் 'உஷ்' என்று சொல்லவில்லை.