பாண்டிச்செல்வி அக்கா பொய் எழுதவில்லை

கட்டுமாவடியிலிருந்து மூன்று நாளாகப் பதிவு எதுவும் வரவில்லை. கணினியில் அந்த வரி சிவப்பாகிக் கிடந்தது. எரிச்சலோடு நினைவூட்டல் பொத்தானை அழுத்தினேன். பத்து நிமிடத்தில் அதே எண்ணிலிருந்து அழைப்பு. பேசியது பாண்டிச்செல்வி அக்காவின் மகள். "அம்மா செவ்வாக்கெழமையே தவறிட்டாங்க சார். தூக்கத்துலயே மாரடைப்புங்குறாங்க. பதிவு போடலைன்னு மெசேஜ் வந்துச்சு, அதான் சொல்லிருவோம்னு கூப்புட்டேன்." அந்தப் பெண் கோபமாகக்கூடப் பேசவில்லை.

மணமேல்குடி வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை பார்க்கும் உங்களுக்கு, பாண்டிச்செல்வி அக்காவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது என்னைப் பற்றி.

நீங்கள் எடுக்கும் அளவுகளைப் பதியும் செயலி என் வேலை. நான் சேர்ந்தது போன வருடம் மாசியில். சித்திரையில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். அக்காவின் பதிவுகள் எல்லாம் மாலை ஆறரைக்கு, ஒரே இடத்திலிருந்து, அடுத்தடுத்து ஏறியிருந்தன. வீட்டில் உட்கார்ந்து எண்களை இட்டுக்கட்டுகிறார் என்று முடிவு கட்டினேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அலுவலகத்துக்கு எழுதினேன். அக்காவுக்கு மெமோ போனது. மாதக் கூட்டத்தில் உங்கள் எல்லோருக்கும் முன்னால் அதை வாசித்தார்கள். அக்கா எழுந்து "சரிங்க" என்றார், உட்கார்ந்துவிட்டார். அதோடு நிற்காமல், பகல் பத்திலிருந்து நான்குக்குள் ஆளின் எதிரிலேயே பதிய வேண்டும் என்று அவருடைய செயலியை மட்டும் பூட்டினேன்.

வைகாசியில் அவருடைய பதிவுகள் பாதியாகக் குறைந்தன. கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று நானே கட்டுமாவடிக்குப் போனேன். பதினொன்றரை மணி. அக்காவும் கூட வந்தார். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் விரலைக் குத்தி, சொட்டு ரத்தத்தை நானே கருவியில் வைத்தேன். எண் வரவில்லை. வெப்பமானி படம் ஒன்று மின்னியது. வேறு சோதனைப் பட்டை போட்டேன். அதே படம். நாற்பது டிகிரிக்கு மேல் அந்தக் கருவி வேலை செய்யாது என்று அதன் கையேட்டிலேயே இருக்கிறது. நான் புரட்டிப் பார்த்ததில்லை.

அக்கா படகு நிழலில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துவிட்டுச் சொன்னார்: "மெசினுக்கு வெயில் ஆகலன்னா படம் காட்டுது தம்பி. எங்களுக்கு அப்புடிக் காட்ட ஒண்ணும் இல்ல." அவருக்கும் சர்க்கரை என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

பிறகு நோட்டைக் காட்டினார். என் பூட்டு வருமுன், மணல் சுடுவதற்குள் விடிகாலை ஐந்தரைக்கே போய் எல்லோருக்கும் பார்த்து நோட்டில் எழுதியிருக்கிறார். கரையில் பல இடத்தில் சிக்னல் கிடையாது. மாலையில் வீட்டு மாடியில் நின்று ஏற்றியிருக்கிறார். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஏதாவது குறிப்பு. பாதத்தில் கொப்புளம், சுட்டது தெரியவில்லை. தண்ணீர் குடிப்பதில்லை. தாகத்துக்குக் கலர் சோடா குடித்திருக்கிறார். என் செயலியில் இதற்கெல்லாம் கட்டமே இல்லை.

மெமோவுக்குப் பதிலாக இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன், அதட்டலாகத்தான். "எழுதுனேனே தம்பி. நாலு பக்கம். போட்டோ எடுத்து ஒங்களுக்குத்தான் அனுப்புனேன்." என் போனில் தேடினேன். இருந்தது. திறக்காமல்.

மறுநாள் பூட்டை எடுத்தேன். அதைப் 'புதிய வசதி' என்று அறிவித்தேன். தப்பு என்னுடையது என்று அலுவலகத்துக்குச் சொல்லவில்லை. சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, வேலை போய்விடும் என்று பயம். அக்காவோ, தம்பி நேரில் வந்து பார்த்துச் சரிசெய்து கொடுத்தது என்று கரை முழுக்கச் சொல்லிவைத்தார்.

மார்கழியில் ஒரு விடியலில் அவரோடு போனேன். சர்க்கரையில் பாதம் மரத்துப்போன ஒரு பெரியவர் குளிருக்கு இதமாக வெந்நீர் வாளியில் காலை விடப்போனார். அக்கா அவரைத் தடுத்துத் தன் முழங்கையை அதில் வைத்துப் பார்த்தார். "ஒங்க காலு சொல்லாது மாமா, ஏங் கை சொல்லும்" என்று பச்சைத்தண்ணீரை ஊற்றி விளாவினார். பெரியவர் என்னைப் பார்த்து, "இந்தத் தம்பிக்காச்சும் டீயில சீனி போடலாமா, அதுக்கும் ஒன்னயத்தான் கேக்கணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அன்றாவது தப்பு என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கலாம். டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

அந்த மெமோ இன்னும் அவருடைய கோப்பில் இருக்கிறது. இந்த வாரம்தான் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன்: அவர் எந்த எண்ணையும் இட்டுக்கட்டவில்லை, தவறு என்னுடையது. ஆளே போன பிறகு எதற்கு என்றார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அந்த மெமோவைக் காதால் கேட்டவர்கள் நீங்கள்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது, கட்டுமாவடியில் அவர் எனக்கு வாங்கிக் கொடுத்த நல்ல பேர் ஒன்றுதான். துக்கம் கேட்கப் போனபோது அவருடைய மகள் உறவுக்காரர்களிடம், "அம்மாவுக்கு வெயில் நேரத்த மாத்திக் குடுத்த சார் இவுகதான்" என்று சொல்லி எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் உட்கார்ந்தேன்.