கட்டில் இங்கேதான் இருக்கிறது

கட்டிலைக்கூடக் கொடுக்காமல் பேத்தியை அனுப்பிவிட்டோம் என்று எதிர்வீட்டு மாடிக்காரி சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். அதற்கு முன்னால், பெண்ணைக் கூடத்தில் கோடு போட்டு அடைத்து வைத்திருக்கிறோம் என்றாள். அவள் வீட்டு ஜன்னல் எங்கள் கூடத்தைப் பார்த்து இருக்கிறது. அவளும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள். கோடு இருந்தது நிஜம். கட்டில் போகாததும் நிஜம். நடுவில் நடந்தது மட்டும் அவளுக்குத் தெரியாது.

என் பேத்தி லிஃப்ட் மெக்கானிக். தெருவில் லிஃப்ட்காரி என்றால்தான் தெரியும். எங்கேயாவது லிஃப்ட் பாதியில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் இவள் போய் இறக்கிவிட வேண்டும். சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பிடும்போதும் நடப்பாள், போன் பேசும்போதும் நடப்பாள், யோசிக்க வேண்டுமென்றால் கட்டாயம் நடந்தாக வேண்டும். இரண்டு வருஷம் தற்காலிகமாக ஓட்டிய பிறகு கம்பெனியில் சொன்னார்கள்: வேலையை நிரந்தரம் செய்கிறோம், ஆனால் கூப்பிட்டால் அரை மணியில் வர வேண்டும், நகரத்துக்குள் குடி வா. எங்கள் வீட்டிலிருந்து அங்கே ஒரு பஸ், ஒரு ரயில், இரண்டு மணி நேரம். மாதக் கடைசிக்குள் வீடு அமையாவிட்டால் அந்த வேலை வேறொருவருக்கு.

பதினொரு வீடு பார்த்தாள். அங்கே கேட்கிற வாடகைக்கு இங்கே பாதித் தெருவைப் பிடித்துவிடலாம். பன்னிரண்டாவதாக ஐந்தாவது மாடியில் ஒற்றை அறை ஒன்று அகப்பட்டது. மூலையில் அடுப்பு மேடை, ஒட்டினாற்போல் குளியலறை, அவ்வளவுதான். அது ஒன்றுதான் அவள் கைக்கு எட்டியது. வீட்டுக்காரர் அடுத்த வார ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்.

அன்று மாலையே, ரிப்பேர் நடக்கும் லிஃப்டின் குறுக்கே ஒட்டுகிற மஞ்சள் டேப்பைக் கொண்டுவந்து, அந்த அறையை அளவு பிசகாமல் எங்கள் கூடத்துத் தரையில் ஒட்டினாள். வாசலுக்கு மட்டும் இடைவெளி விட்டாள். தன் கட்டிலை உள்ளே இழுத்துப் போட்டாள்.

"இதுக்குள்ள இருந்து பாத்தாத்தான் தெரியும், அங்க இருக்க முடியுமா முடியாதான்னு" என்றாள்.

ஒன்பது நாள் இருந்தாள். வேலையிலிருந்து வந்தால் நேரே கோட்டுக்குள். அங்கேயும் உட்காரவில்லை. கட்டிலோரமாக ஐந்து எட்டு வைத்து நடப்பாள், திரும்பி ஐந்து எட்டு. வீட்டில் நானும் என் மருமகளும்தான் மிச்சம். மருமகளுக்கு அதைப் பார்த்தே தலை சுற்றியது.

"கூண்டுப் புலி மாதிரி நடக்காதடி."

"புலிக்கு வாடகை கிடையாதும்மா."

என் பங்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் போவதில் எனக்கு இஷ்டமில்லை. அதனால் வேண்டுமென்றே டேப்பைத் தாண்டித் தாண்டி நடந்தேன்.

"பாட்டி, அது சுவரு."

"என் வீட்ல எனக்குத் தெரியாத சுவரா?"

"அஞ்சாவது மாடி. அந்தப் பக்கம் விழுந்துருவ."

"விழுந்தா லிஃப்ட்ல வந்து பொறுக்கிக்கோ."

சனிக்கிழமை அவள் நடை ஓட்டமாகவே ஆகிவிட்டது. "நாளைக்குச் சொல்லியாகணும் பாட்டி. சரின்னும் வாயில வரல, வேணாம்னும் வரல." எனக்கே பாவமாகிவிட்டது. அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒழுங்காக அவள் வாசலில் போய் நின்றேன். கதவைத் தள்ளுகிற மாதிரி கையை நீட்டினேன். நேரே கட்டில்.

"ஏண்டி, இந்தக் கதவு எந்தப் பக்கம் தொறக்கும்?"

"கதவுன்னா..." என்றவள் நின்றுவிட்டாள். ஒன்பது நாளில் அவள் சும்மா நின்று நான் பார்த்தது அப்போதுதான். பொழுதெல்லாம் அவள் கையாள்வது பக்கவாட்டில் ஒதுங்கிக்கொள்கிற லிஃப்ட் கதவு. அந்த நினைப்பிலேயே இதற்கும் ஒரு இடைவெளியை விட்டுவிட்டு, கதவு வந்து நிற்க இடம் வேண்டும் என்பதை மறந்துவிட்டாள். வீட்டுக்காரருக்கு போன் போட்டுக் கேட்டாள். உள்பக்கம்தானாம். கட்டில் கிடந்தால் பாதிதான் திறக்கும்.

கட்டிலை வாசலுக்கு எதிர்க்கோட்டோரம் குறுக்கே தள்ளிப் பார்த்தோம். கதவுக்கு இடம் கிடைத்தது. ஐந்து எட்டு மூன்றானது. மூன்று எட்டு நடந்து பார்த்தாள், திரும்பினாள், கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

'போகாதே' என்று என் வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்லத்தானே ஒன்பது நாள் சுவர் தாண்டினேன். ஆனால் அவள் அப்படி உட்கார்ந்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"கட்டில் இங்கயே கிடக்கட்டும். மெத்தைய மட்டும் எடுத்துட்டுப் போ. காலைல சுருட்டி வெச்சா நடக்கலாம்."

மருமகள் பதறினாள். "கட்டில் இல்லாம அனுப்பினா நாலு பேரு என்ன சொல்லுவாங்க அத்தை?"

"அந்த நாலு பேரா அங்க நடக்கப் போறாங்க?"

மூவருமாகக் கட்டிலைக் கோட்டுக்கு வெளியே எடுத்தோம். அவள் கோட்டுக்குள் போய் நடந்தாள். ஐந்து எட்டும் திரும்ப வந்தது. மறுநாள் விடிந்ததும் சரி என்று சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை கிளம்பினாள். முதுகில் கருவிப் பை, தோளில் சுருட்டிய மெத்தை, எதிரே மாடி ஜன்னலில் இரண்டு கண். தெருவில் இறங்கிவிட்டுச் சார்ஜருக்கு ஒரு தடவை, டார்ச்சுக்கு ஒரு தடவை திரும்பி வந்தாள். மூன்றாவது தடவை எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. எங்கள் கதவை மெல்லத் தள்ளி, அது எது வரைக்கும் வருகிறது என்று பார்த்தாள்.

"இதுவும் உள்பக்கம்தான் பாட்டி."

"நீ பொறந்ததுலேர்ந்து அப்படித்தான் தொறக்குது. ரயிலுக்கு நேரமாச்சு, போயிட்டு வா."

மெத்தை நிலையில் இடித்தது. ஒருக்களித்துத் திரும்பி வெளியே போனாள்.