கோபி போனால் இறங்கும் முள்

கார் மெக்கானிக் தொழிலில் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் போதும். யாரைச் சந்தேகப்படுவது என்று கற்றுக்கொள்ளத்தான் ஆயுசு போதாது. என்ஜினுக்குள் ஆயில் ஒழுங்காக ஏறுகிறதா என்று காட்ட டேஷ்போர்டில் ஒரு முள் இருக்கிறதே, பழைய காரில் அது இறங்கிவிட்டால் ஒருவரும் தப்ப முடியாது. மீட்டர், ஆயில் பம்ப், பேரிங், டிரைவர், மெக்கானிக் எல்லாருமே குற்றவாளிகள்தான். ரோட்டைப் பார்க்காமல் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டிய புண்ணியவான்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூர் சிங்காநல்லூரில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த ஒரே ஒரு காரின் சமாச்சாரம் இது.

சொந்த மீட்டர்

கணபதியில் பம்ப்செட் கம்பெனி வைத்திருந்த ஆறுச்சாமியின் கார் அது. காலையில் ஸ்டார்ட் செய்தால் முள் கம்பீரமாக நிற்கிறது, கோபிசெட்டிபாளையம் போய்த் திரும்புவதற்குள் தரைதட்டிவிடுகிறது என்றார். டேஷ்போர்டு மீட்டரே தப்பாகக் காட்டலாம், என் டெஸ்டிங் மீட்டரை என்ஜினில் நேராக மாட்டிப் பார்த்துவிடலாம் என்றேன். அவர் முகம் சுருங்கியது. பாதிப் பேர் லேத் வைத்திருக்கும் ஊர் இது. அடுத்தவன் அளவை எவனும் நம்பமாட்டான்.

டிக்கியைத் திறந்து, துண்டில் சுற்றிவைத்திருந்த பித்தளை மீட்டரை எடுத்தார். அவர் கம்பெனியில் பம்ப்களை டெஸ்ட் செய்கிற மீட்டர். அதையே மாட்டி என்ஜினை ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்த முள்ளும் நடுங்கிக்கொண்டே கீழே வந்தது. ஆக, பிரஷர் நிஜமாகவே இறங்குகிறது. ஆறுச்சாமி மீட்டரை விரலால் சுண்டினார், பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மீட்டர் எம்படதுங்க, அது பொய் சொல்லாது. நீங்க மாட்டுன விதத்துலதான் எனக்குக் கொஞ்சம் டவுட்டா இருக்குதுங்க."

விரலில் தொட்டுப் பார்த்தது

அந்தக் காரின் டிரைவர் தேவராஜ். அவன் அப்பா ஆறுச்சாமி வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்தவர். இவன் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டு, ஒன்பது வருஷமாக அவரிடம் டிரைவர். பெண்டாட்டி பிள்ளைகளோடு கம்பெனி காம்பவுண்டுக்குள் ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தான். வேலை போனால் வீடும் போகும். ஆயில் திருடினவன் என்று பெயர் வந்துவிட்டால் கோயமுத்தூரில் எவனும் அவனிடம் வண்டியைக் கொடுக்கமாட்டான்.

ஆறுச்சாமி என்னைக் கம்ப்ரசர் பக்கம் ஒதுக்கிக்கொண்டுபோய் மெதுவாக விஷயத்துக்கு வந்தார். காலையில் தான் பார்க்கும்போது சரியாக இருக்கிற முள், தேவராஜ் கையில் போனதும் இறங்குகிறது. அப்படியென்றால் வழியில் எங்கேயோ நல்ல ஆயிலை இறக்கி விற்றுவிட்டு மட்டமான ஆயிலை ஊற்றுகிறானோ என்று கேட்டார். தெரியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தேவராஜ் நின்றிருந்த காருக்கு வந்து, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி, ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, மோந்து பார்த்து, ஜட்ஜ் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "தண்ணியாத்தான் இருக்குதுங்க" என்று தீர்ப்பு கொடுத்தேன். சூடான ஆயில் எந்தக் காரிலும் தண்ணியாகத்தான் இருக்கும் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

ஆறுச்சாமி கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வாரண்டி முடிவதற்குள் பம்பை வெளியாள் யாராவது பிரித்தால் தெரியவேண்டும் என்று, போல்ட் தலையையும் பாடியையும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு வைப்பார்கள். போல்ட்டைத் திருப்பினால் பொட்டு உடைந்துவிடும். தன் கண் முன்னாலேயே புது ஆயில் ஊற்றச் சொல்லி, ஆயில் இறக்குகிற போல்ட்டில் அதே பொட்டைத் தன் கையால் வைத்தார். தேவராஜ் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"பொட்டு வெச்சுப்போட்டீங்களா மொதலாளி? நல்லதுங்க. எனக்கு வேற சாட்சி இல்லீங்க."

கலையாத பொட்டு

அடுத்த வாரம் தேவராஜ் காரைக் கோபிக்கு ஓட்டிப்போய் வந்தான். முள் மறுபடி இறங்கியது. ஆறுச்சாமி வெள்ளை வேட்டியோடு என் எண்ணெய்த் தரையில் மண்டிபோட்டு, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பொட்டைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. கேஸ் தள்ளுபடி என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவர் எழுந்து, தேவராஜிடம் சாவியைக் கேட்டார். நாளையிலிருந்து வரவேண்டாம், மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்துவிடு என்றார். தேவராஜ் சாவியை பானெட் மேல் வைத்துவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தான். பொட்டுதான் கலையவில்லையே என்று கேட்டேன்.

"கலையலீங்க. ஆனா அந்த மஞ்சள் பெயிண்ட் டப்பா எங்க கம்பெனியிலதான இருக்குது? அவனும் அங்கதான இருக்கறான்."

வலையில் ஒட்டியிருந்தது

இனி என்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியை, நாங்கள் சம்ப் என்போம், கழற்றித்தான் பார்க்கவேண்டும். நான் பார்ட்ஸை மாற்றிவிடுவேனோ என்று ஆறுச்சாமி ஸ்டூல் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தார். கடைசி போல்ட் கழலும் நேரத்தில் அவருக்கு போன் வந்து பக்கத்துக் கடைக்குப் போனார். சம்ப் கீழே இறங்கியது. ஆயிலை உறிஞ்சும் வலையில் உரித்த தோல் மாதிரி பழுப்பாகத் துணுக்குகள் ஒட்டிக்கிடந்தன. சம்ப் கசியாமல் இருக்கத் தடவும் கேஸ்கட் பசை. பார்த்த உடனே யார் வைத்தது என்று தெரிந்துவிட்டது.

நாலு மாதம் முன்பு, போர்டிகோவில் கோலத்தின் மேல் ஆயில் சொட்டுகிறது என்று ஆறுச்சாமியின் சம்சாரம் சத்தம் போட்டதாகச் சொல்லி, சம்ப் கேஸ்கட்டை மாற்ற வந்திருந்தார். ஒரு சொட்டுகூட விழக்கூடாது என்ற வீம்பில் பசையை இரண்டு மடங்கு அப்பிவிட்டேன். பிதுங்கியது உள்ளே காய்ந்து உதிர்ந்திருக்கிறது. வண்டி ஓட ஓட வலையை அடைத்திருக்கிறது, இரவெல்லாம் நிற்கையில் கீழே உதிர்ந்திருக்கிறது. அதனால்தான் காலையில் முள் சரியாக நின்றது.

பக்கத்திலேயே பெட்ரோல் டின். வலையை ஒரு முக்கு முக்கினால் விஷயம் முடிந்தது. முக்கலாமா என்று நினைத்தேன், பொய் சொல்லவில்லை. பானெட் மேல் சாவியை வைத்துவிட்டுப் போனவன் முகம் விடவில்லை. ஆறுச்சாமி வந்ததும் வலையை நீட்டி, இது நான் வைத்த பசை, தேவராஜ் மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். அவர் வலையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ஏனுங்க, தேவராஜ் உங்களை வந்து பார்த்தானுங்களா?"

தொண்டாமுத்தூர் போனது

ஒரு துணுக்கை எடுத்து சம்ப் விளிம்பில் மிச்சமிருந்த பசையோடு பொருத்திப் பார்த்த பிறகுதான் அவர் நம்பினார். வலையைக் கழுவி மாட்டி, புது ஆயில் ஊற்றி, ஆறுச்சாமியை ஏற்றிக்கொண்டு, தேவராஜ் போயிருந்த அவன் மச்சான் வீட்டுக்கு, தொண்டாமுத்தூருக்கு நானே காரை ஓட்டினேன். முள் அசையவில்லை. அங்கே மன்னிப்பு என்ற வார்த்தை ஆறுச்சாமி வாயில் வரவில்லை. சாவியை இரண்டு கையாலும் நீட்டினார். தேவராஜ் வாங்கிக்கொண்டான்.

திரும்பும்போது முதலாளியை வீட்டில் இறக்கிவிட்டு என்னை ஒர்க்‌ஷாப்பில் விட்டான். நான்தான் தப்புப் பண்ணினேன், பசையை அதிகமாக வைத்துவிட்டேன் என்றேன். அவன் என்ஜினை அணைக்காமலே சொன்னான்.

"பசை ஆரு வெச்சாலும் பிதுங்கும்ங்ணா, அது போவுது. மொதலாளி எல்லாரையும் சந்தேகப்படறவருங்க, நான் பழகிட்டேன். நீங்க வெரல்ல தொட்டுப் பார்த்துப்போட்டு சொன்னீங்க பாருங்க, அதுதானுங்ணா எனக்குத் தாங்கலை."

அன்றிலிருந்து எந்தக் காரில் முள் இறங்கினாலும் நான் முதலில் சந்தேகப்படுவது, அந்த என்ஜினில் கடைசியாகக் கை வைத்த மெக்கானிக்கைத்தான். பத்தில் ஏழு தடவை அது நானாகவே இருந்து தொலைக்கிறது.